பலாமரத்தில் எழுதியிருந்த எண்

என்னை ஏமாற்றியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்த வரிசையில் ஒரு பலாமரமும் வரும். சிரிக்க வேண்டாம். ஒன்றரை வருட எழுத்தை முழுக்க ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்த மரத்தை நம்பித்தான் பூட்டியிருந்தேன். மரம் கைவிட்டது. மரம் மட்டும்தான் கைவிட்டது என்று மூன்று வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய காலம். மலைமேல் வளப்பூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். எங்கள் வீடு மலைக்குக் கீழே, பேளுக்குறிச்சியில். அப்பாவை அத்தா என்போம், அவருக்கு அங்கே மளிகைக் கடை. தினமும் பஸ்ஸில் ஏறி இறங்கினால் வளைவுகளில் குடல் வாய்க்கு வந்துவிடும் என்பதால், திங்கள் காலை ஏறுவது, வெள்ளி மாலை இறங்குவது என்று வைத்துக்கொண்டேன். நடுவில் தங்க ஓர் ஓட்டு வீட்டின் பக்கத்து அறை வாடகைக்குக் கிடைத்தது.

வீட்டுக்காரிக்கு என்னைவிட நாலைந்து வயது அதிகம் இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய கணவர் போர்வெல் லாரி வேலைக்கு வடக்கே போனவர். வருடத்துக்கு இரண்டு முறை வருவார், பத்து நாள் இருப்பார், போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, வேலியோரம் நாலு மிளகுக் கொடி, வாசலில் ஒரே ஒரு பலா. அந்தப் பலாவின் அடிமரம் என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது.

அக்காவுக்கும் எனக்கும் முதல் மாதமே ஒட்டிக்கொண்டது. நான் ஹலால் பார்ப்பேன் என்று தெரிந்ததும், எனக்குக் குழம்பு கொடுக்கும் நாட்களில் தன் வீட்டிலும் கறி எடுப்பதை நிறுத்திவிட்டார். நான் தொழும் நேரத்தில் அந்தப் பக்கம் கோழி வந்தால்கூட விரட்டிவிடுவார். எட்டாவது வரை படித்தவர். நான் வாங்கிவரும் வாரப் பத்திரிகைகளை எனக்கு முன்பே படித்து முடித்து, தொடர்கதையில் அடுத்து என்ன வரும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படியேதான் வரும்.

லேப்டாப் வந்தது அண்ணன் வழியாக. அவர் வளைகுடாவில் வேலை செய்தார். புதிதாக ஒன்று வாங்கியதும் பழையதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கதை கிதை எழுதுவேன் என்று எங்கள் வீட்டில் நம்பிய ஒரே ஆள் அவர்தான். செங்கல் கனம் கனக்கும். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு கட்டம் வந்து எண் கேட்கும். சரியாகப் போட்டால்தான் மேற்கொண்டு நகரும். மூன்று முறை தப்பாகப் போட்டால் அப்படியே உறைந்துவிடும்; அணைத்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"நாலு நம்பர் போதும்மா. ஆனா பொறந்த தேதி வெக்காத, எங்கயும் எழுதி வெக்காத" என்றார் அண்ணன்.

எனக்கும் எண்ணுக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவைக் கூட்டுவதற்கே பக்கத்து வகுப்பு ஆசிரியரைத்தான் கூப்பிடுவேன். எழுதி வைக்கவும் கூடாது, நினைவிலும் நிற்காது என்றால் என்ன செய்வது? அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மலையில் பலாவை மரத்தோடு குத்தகைக்கு விடுவார்கள். பிஞ்சு விட்டதும் கீழேயிருந்து வியாபாரியின் ஆள் வருவார். பேச்சு முடிந்ததும் அடிமரத்தில் தாரால் ஓர் எண் எழுதுவார். வரிசையாக எழுதமாட்டார், வரிசையாக எழுதினால் நடுவில் யாராவது தங்கள் மரத்துக்கும் ஒன்றை எழுதிக்கொள்வார்கள் என்று, மனதுக்குத் தோன்றிய நாலு இலக்கத்தைப் போடுவார். அந்த எண் இருக்கும்வரை மரம் வீட்டுக்காரருடையது, காய் வியாபாரியுடையது. கடைசிக் காய் இறங்கியதும், எண் எழுதிய சீட்டை வியாபாரியின் ஆள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கொடுவாளால் மரத்துத் தாரைச் சுரண்டலாம். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சந்தையோரக் கடையில் வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் இருக்காது.

அப்படியிருந்தும் அந்த எண்ணையே வைத்தேன். ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்ப்பேன், நாலு விசையைத் தட்டுவேன், பெட்டி திறக்கும். முதல் வருடம் பருவம் முடிந்ததும் சீட்டு வந்தது, அக்கா தாரைச் சுரண்டினார், நான் முந்தின நாளே வேறொரு எண்ணுக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த பருவத்தில் புது எண் எழுதியதும் மறுபடி அதற்கே வந்துவிட்டேன். அவ்வளவு சௌகரியம். லேப்டாப்பைக் கீழே எடுத்துப் போவதும் இல்லை. வீட்டில் அண்ணன் பிள்ளைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த அறையில், அந்த ஜன்னலுக்கு முன்னால் மட்டும்தான் அது திறக்கும். கண்ணுக்கு எதிரே இருப்பதை யார் மனப்பாடம் செய்வார்கள்? உங்கள் வீட்டு மாடிக்கு எத்தனை படி என்று கேட்டால் உங்களுக்குச் சட்டென்று வருமா?

நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு நாவல். அது கடைசிவரை அச்சாகவில்லை, அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் அந்த வருடம் ஒரு சிறு பதிப்பகத்தார், நான் கையால் பிரதியெடுத்து அனுப்பிய முதல் பாதியைப் படித்துவிட்டு, ஆகஸ்டு முடிவதற்குள் முழுதும் அனுப்பினால் போடுகிறோம் என்று கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினேன். என் வயதில் எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இரண்டு பிள்ளை பெற்றிருந்தார்கள். எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

முதல் பாதியை அவர்கள் படித்தபோது அதில் ஏழாவது அத்தியாயம் இல்லை. அது பிறகு எழுதியது.

ஒரு மழை நாளில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தபோது அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. அவர் கணவருக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கும் பாதிதான் தெரியும். அது என்ன என்று இங்கேயும் எழுதப்போவதில்லை. சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்டயும் மூச்சு உடக் கூடாதுங்க டீச்சர். இத்தன வருசமா உள்ளயே கெடந்து அரிச்சுது. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு, சொல்லிப் போட்டேன்."

"சொல்லமாட்டேன்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. இரண்டு வாரத்தில் எழுதினேன்.

எழுதுவதும் சொல்வதும் ஒன்றா? ஒன்றில்லை என்று அப்போது நினைத்தேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. நான் எழுதியதிலேயே உயிரோடு இருந்தது அந்த அத்தியாயம் ஒன்றுதான். அதற்கு முன்னால் வந்த ஆறும் பின்னால் வந்தவையும் சோற்றைச் சுற்றி வைத்த தொடுகறி. எனக்கே அது தெரிந்தது.

ஜூலை நடுவில் ஒரு திங்கட்கிழமை. பள்ளி விட்டு வந்து, முகம் கழுவி, லேப்டாப்பை மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு வழக்கம்போல அண்ணாந்து பார்த்தேன். எண் இல்லை. தார் இருந்த இடத்தில் பட்டை வெளுத்துப்போய், பால் வடிந்து அடிவரை கோடு கோடாகக் காய்ந்திருந்தது.

முதலில் பயம் வரவில்லை. நாலு இலக்கம்தானே, கை தானாகப் போடும் என்று நினைத்தேன். கை போடவில்லை. முதல் எண் நாலு என்பது நிச்சயம். அதற்குப் பிறகு ஒரு வளைந்த எண். எட்டா, மூன்றா, ஆறா, ஒன்பதா? அது இரண்டாவதா, மூன்றாவதா? கடைசியில் தார் வழிந்து நீண்டிருந்த எண், அது ஒன்றாகவும் இருக்கலாம், ஏழாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். மூன்று முறை போட்டேன், உறைந்தது. அணைத்துப் போட்டு மறுபடி மூன்று. அப்படியே இருட்டும் வரை.

அக்கா காப்பி கொண்டுவந்தார்.

"அக்கா, மரத்துல இருந்த நம்பர் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"நம்பருங்களா? அதெங்க ஞாபகம் இருக்குதுங்க. அவுங்க கிறுக்கறதுதானுங்களே."

"நாலுல ஆரம்பிக்கும்."

"இருக்குமுங்க" என்றார். காப்பியை வைத்துவிட்டு, லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நான் அண்ணாந்து பார்த்துத்தான் தட்டுகிறேன் என்பது அக்காவுக்குத் தெரியும். எத்தனையோ முறை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தெரிந்துமா சுரண்டினீர்கள் என்று கேட்க வாய் வந்தது. குத்தகை முடிந்தால் சுரண்டத்தான் செய்வார்கள், அவர் மரம், அவர் கொடுவாள், என் முட்டாள்தனத்துக்கு அவர் என்ன செய்வார் என்று அடக்கிக்கொண்டேன். அன்று அந்த மரத்தில் இன்னும் இரண்டு காய் தொங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் அது எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இலக்கணம் ஒப்பிக்கும்போதுகூட நாலாயிரத்து, நாலாயிரத்து எத்தனை என்று மனது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நோட்டில் போட்டுப் பார்த்த எண்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். பெட்டி உறுமும், யோசிக்கும், பிறகுதான் கேட்கும். ஒரு மாலையில் நாற்பது எண் தாண்டினால் பெரிது.

அக்கா எனக்காகச் சாமைச் சோறு பொங்கினார், புளிக்குழம்பு வைத்தார், தட்டைக் கையில் திணித்தார். "வெசனப்படாதீங்க டீச்சர். தானா ஞாபகம் வரும். வரலீன்னாத்தான் என்ன, மறுக்கா எழுதிக்கலாமுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார்.

மறுபடி எழுதவும் பார்த்தேன். பள்ளி நோட்டில், பதிப்பகத்துக்கு இன்னும் அனுப்பாத பாதியை ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் போனதும் நோட்டை மூடிவிட்டேன். ஒருமுறை எழுதியதை நினைவிலிருந்து எடுத்து எழுதுவது செத்த பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல. என்னால் முடியவில்லை. அன்றைக்கு அக்கா மடியில் தலை வைத்து அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.  

சனிக்கிழமை அண்ணனுக்குப் போன் போட்டேன். "எழுதி வெக்காதன்னு சொன்னேன், மரத்துல வெக்கச் சொன்னனா?" என்று கத்தினார். பிறகு கோபம் தணிந்து, ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ கம்ப்யூட்டர் கடையில் கேட்டுப்பார் என்றார். ஆனால் கடைக்குக் கொண்டுபோகும் முன் இன்னொரு வழி இருந்தது. எண்ணை எழுதிய ஆளையே பிடித்துவிடலாம்.

வியாபாரி துறையூர்ப் பக்கத்தவர். அவருடைய லாரி புதன்கிழமை மலை ரோட்டில் நிற்கும். அடுத்த புதன் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போய் நின்றேன். ஆள் காய்களைத் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டு அடையாளம் சொன்னேன்.

"அந்த மரமுங்களா? அது முடிஞ்சுதுங்களே. அந்தம்மாவே வந்தாங்க. இன்னும் ரண்டு காயி கெடக்குதும்மா, வெளைஞ்சா வந்து எறக்கிக்கறோம்னேன். அது எனக்கே இருக்கட்டும், சீட்டக் குடுங்கன்னு கையோட வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"அப்ப நம்பர்?"

"சீட்டுலதானுங்க இருக்கும். எங்ககிட்ட ஏது? சீட்டு அவுங்க கைக்குப் போயிட்டா அந்த மரத்துப் பேச்சே எங்களுக்கு இல்லீங்க."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். சீட்டு அக்காவிடம் இருக்கிறது. ஓடாத குறையாக வந்தேன். அக்கா அடுப்படியில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சீட்டு எங்க? அந்த லாரிக்காரர் குடுத்த சீட்டு."

அக்கா நிமிரவில்லை. கிழங்கை ஒரு முழம் சீவி முடித்தார்.

"அதயா கேக்கறீங்க? அடுப்புல போட்டுட்டனுங்களே."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். நான் அதை நம்பினேன். ஒரு பழைய சீட்டை யார் வைத்திருப்பார்கள், அடுப்பில்தான் போடுவார்கள். எதற்காக இரண்டு காயை முன்கூட்டியே கேட்டு வாங்கி, எதற்காகச் சீட்டைக் கேட்டு வாங்கி, எதற்காக அவசரமாகச் சுரண்டினார் என்று கேட்கவேண்டிய மூளை அப்போது வேலை செய்யவில்லை. நான் நேசித்தவர்கள் விஷயத்தில் அது எப்போதும் இப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை கீழே கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பெட்டியைக் கொண்டுபோகவில்லை, கேட்டுவரத்தான் போனேன். கடைக்காரர் விவரம் தெரிந்தவர். "நம்பர் பூட்டு வாசல்ல மட்டும்தாங்க. உள்ள டிஸ்க்னு ஒண்ணு இருக்கு. அதக் கழட்டி எங்க கம்ப்யூட்டர்ல மாட்டுனா நீங்க எழுதுனது எல்லாம் அப்படியே வந்துரும். ஒரு பக்கம் போகாது. படிச்சே காட்டறேன்" என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

திங்கட்கிழமை மலையேறியதும் முதல் வேலையாக அக்காவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை கீழே போகும்போது கொண்டுபோகிறேன், கடைக்காரர் டிஸ்கை எடுத்து அவர் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"அவுரு பாப்பாருங்களா, உள்ள இருக்கறத?"

"பாக்காம எப்படிக்கா? எல்லாம் வந்துதான்னு பாக்கணுமே."

"அவுரு கடையில வேற ஆளுக இருப்பாங்களா?"

"நாலஞ்சு பேர் இருப்பாங்க. ஏன்கா?"

"சும்மாத்தான் கேட்டனுங்க" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்து பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பை ஒரு பழைய துப்பட்டாவில் சுற்றி, கட்டைப் பையில் வைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அக்கா வந்து கதவோரம் நின்றார். உள்ளே வருகிறாரா, போகிறாரா என்று தெரியவில்லை. பிறகு வந்து கட்டிலின் மேல் ஒரு சின்னச் சீட்டை வைத்தார். எட்டாக மடித்து, மடிப்பெல்லாம் அழுக்கேறியிருந்தது. மடியில் முடிந்தே வைத்திருந்திருக்கிறார்.

பிரித்தேன். நாலு எட்டு மூன்று ஏழு.

சந்தோஷம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. முதலில் வந்தது சந்தோஷம்தான். அது வந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அடுப்பு ஞாபகம் வந்தது.

"அடுப்புல போட்டுட்டேன்னீங்க."

"பொய் சொன்னனுங்க."

"ஞாபகம் இல்லன்னீங்க."

"என்ற மரமுங்க. என்ற மரத்து நம்பரு எனக்குத் தெரியாதுங்களா?"

 அவரே சொன்னார். நான் பள்ளியில் இருக்கும்போது ஒரு நாள், அண்ணன் கேமராவில் நான் எடுத்து லேப்டாப்பில் போட்டுவைத்திருந்த அவருடைய போட்டோவைப் பார்க்கலாம் என்று அதைத் திறந்திருக்கிறார். நான் செய்வதைத்தான் தினமும் பார்க்கிறாரே. மரத்தைப் பார்த்துத் தட்டியதும் திறந்துகொண்டது. போட்டோ கிடைக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்த கட்டங்கள்தான் இருந்தன. பத்திரிகைத் தொடர் படிப்பது போல முதலிலிருந்து படித்திருக்கிறார். தினம் கொஞ்சம். ஏழாவதுக்கு வந்து சேர எட்டு நாள் ஆனது.

"அழிக்கலாம்னு பாத்தனுங்க. எப்படின்னு தெரியல. ஒண்ண அமுத்துனா வேற ஒண்ணு வந்துச்சு. கெடுத்துப் போடுவமோன்னு பயந்துட்டேன். அப்பறந்தான் மரத்தச் சொரண்டுனேன்."

"மூணு வாரம்கா. மூணு வாரமா நான் சாகறதப் பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமாங்க."

"உங்க மடியில படுத்து அழுதேன்."

"நானும்தானுங்க அழுதேன். நீங்க பாக்கல."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் அறைக்குள் நான் இல்லாதபோது வந்தது திருட்டு என்றேன். உங்களைக் கூடப் பிறந்தவள் என்று நினைத்தேனே என்றேன். பெயரா போட்டேன், ஊரா போட்டேன் என்றேன். அதற்குத்தான் அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். உயர்த்தியது என்றால் எவ்வளவு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுக்குத்தான்.

"பேரு போடலீங்க, செரி. வாசல்ல ஒத்தப் பலாமரம். ஊட்டுக்காரன் போர் லாரி. குடியிருக்கறது தமிழ் டீச்சரு. இந்த நாட்டுல அப்படி எத்தன ஊடு இருக்குதுங்க? ஆடி முடிஞ்சா அவுரு வாராருங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுசன்."

அவர் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் கோபம் போகவில்லை. நியாயம் யார் பக்கம் என்பது வேறு, யாரால் வயிறு எரிகிறது என்பது வேறு. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

துப்பட்டாவைப் பிரித்து லேப்டாப்பை மேசையில் வைத்தேன். நாலு எட்டு மூன்று ஏழு. கட்டம் மறைந்து உள்ளே போனது. எல்லாம் இருந்தது, ஒரு பக்கம் போகவில்லை. அக்கா பின்னால் வந்து நின்றார்.

"அத மட்டும் அழிச்சுருங்க டீச்சர். மத்தது எல்லாம் நல்லா இருக்குதுங்க. அந்தக் கெழவன் சந்தையில தொலஞ்சு போறது படிச்சு நான் சிரிச்சு முடியல."

என் நாவலுக்கு இதுவரை கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது. அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

ஏழு என்று பெயர் வைத்த கட்டத்தின் மேல் அம்பை வைத்து, அழிக்கும் விசையை அழுத்தினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. இதைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பட்டுமா என்று அது கேட்டது. கேள்வி இங்கிலீஷில் இருந்தது. ஆமாம் என்பதை அழுத்தினேன். ஏழு மறைந்தது. ஆறுக்குப் பக்கத்தில் எட்டு வந்து நின்றது.

"போயிருச்சுங்களா?"

"போயிருச்சுக்கா."

குப்பைத்தொட்டிக்குப் போனது போனதாகாது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படமாக அது நின்றுகொண்டிருந்தது. அதைத் திறந்து இன்னொரு முறை அழித்தால்தான் போகும். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மூன்று வாரம் அவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்தது போலத்தான்.

அக்கா பெரிதாக மூச்சு விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"நம்பர மாத்திப் போட்டுக்கோங்க டீச்சர். எனக்குத் தெரிஞ்ச நம்பரு இனி வேண்டாமுங்க. என்ற மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. நான் அக்கட்டால திரும்பிக்கறேன், நீங்க போடுங்க."

சொன்னபடியே திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை, பழைய காலண்டர் மாட்டிய ஆணி மட்டும்தான். கண்ணையும் மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். ஏழு அங்கே தனியாகக் கிடந்தது. அதை ஒரே அழுத்தில் ஒழித்திருக்கலாம். பதிலாக அதை எடுத்து, பழைய பாட நோட்டுகள் வைத்த இடத்தில், வேறு பெயர் கொடுத்துப் போட்டேன். அவர் எனக்குச் செய்ததற்கு இது சரி என்று அந்த நிமிடம் எனக்குப் பட்டது. அதை நான் எங்கும் அனுப்பவில்லை, யாருக்கும் காட்டவில்லை. ஆனால் எடுத்து வைத்தேன்.

அதற்குப் பிறகு பெட்டியை அணைத்துப் போட்டு, எண்ணை மாற்ற வேண்டும். அது உறுமி, யோசித்து, மெல்லத்தான் வரும். அதுவரைக்கும் அக்கா திரும்பவில்லை. வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது, அப்போதும் திரும்பவில்லை.

"போட்டுட்டீங்களா டீச்சர்?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார்.

"போட்டுட்டேன்கா, திரும்பிக்குங்க" என்றேன்.